பூச்சியம் சோதனை, முடிவு சரியா?

தம்மம்பட்டியில் மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பைத்தான் கற்பிக்கிறேன். ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று எண்ணும் நிரலை எழுதச் சொல்லி, எங்கள் ஊர்ப் பெயரையே உள்ளீடாகக் கொடுத்தேன். பலருக்கு விடை 11. இருப்பதோ ஏழு எழுத்துதான். மூன்றாம் வகுப்புக் குழந்தை விரல் மடக்கிச் சொல்லிவிடும். ஒருங்குறியில் மெய்யின் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். பைத்தான் அவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. புள்ளியை மட்டும் நீக்கியவர்களுக்கு 8 வந்தது.

எல்லா நிரல்களையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க ஒரு பாடவேளை போதாது. 'அம்மா' என்றால் 3, 'கோ' என்றால் 1 என எதிர்பார்க்கும் விடைகளையே சிறு சிறு செயற்கூறுகளாக எழுதி வைத்தால், சோதிக்கும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். ('பக்ஷி' இரண்டா, மூன்றா? சோதனை எழுதும் முன் இதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அரை மணி நேரத் தமிழ் வகுப்பு அங்கே இலவசம்.)

இத்தகைய சோதனைகளை ஒழுங்குபடுத்தி ஓட்டுவது சோதனைச் சட்டகம். பைத்தானுடன் 2001 முதலே வருவது யூனிட்டெஸ்ட். அதில் ஒவ்வொரு சோதனையும் ஓர் இனக்குழுவுக்குள் இருக்க வேண்டும். பின்னர் வந்த பைடெஸ்டில் தனிச் செயற்கூறு ஒன்றே போதும். மாணவர்க்கு இதுவே எளிது.

நாம் நிரல் எழுதும் மென்பொருள் ஒரு புதிய சட்டகத்தை 'ஆதரிக்கிறது' என்றால் மூன்று வேலைகளைச் செய்கிறது என்று பொருள்: சோதனைகளைக் கண்டுபிடிப்பது, ஓட்டுவது, முடிவைப் பச்சை, சிவப்பு என்று காட்டுவது. சிக்கல் பெரும்பாலும் முதல் வேலையில்தான். யூனிட்டெஸ்ட் மட்டும் அறிந்த கருவியிடம் பைடெஸ்ட் கோப்பைக் கொடுத்தால் பிழை என்று சொல்லாது. அதன் கண்ணுக்குச் சோதனையே தெரியாது. பைத்தான் 3.12-க்கு முந்தைய பதிப்புகளில் யூனிட்டெஸ்ட் பூச்சியம் சோதனைகளை ஓட்டிவிட்டு 'சரி' என்றே அறிவிக்கும்! ஒருவரும் எழுதாத தேர்வில் நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டுவது போன்றது இது. 3.12 முதல் 'சோதனை எதுவும் ஓடவில்லை' என்று சொல்கிறது.

ஜாவா உலகிலும் இதே சங்கடம் இருந்தது. கருவிகள் ஜேயூனிட்டின் உள்ளமைப்பையே துழாவிப் பார்த்து வேலை செய்ததால், சட்டகத்தை மாற்றினால் கருவியும் உடையும். 2017-இல் வெளிவந்த ஜேயூனிட் 5, கருவிகள் பேசுவதற்கென்றே ஒரு தனி அடுக்கை வைத்தது. அடுத்த மாதமே எக்லிப்ஸ் ஆதரவு தந்தது.

ஆய்வகத்தில் விஎஸ் கோட் இருந்தால், அதில் பைத்தான் நீட்சியைச் சேர்த்து, ஓரத்தில் உள்ள முகவைப் படத்தைச் சொடுக்குங்கள். எந்தச் சட்டகம் என்று கேட்கும், பைடெஸ்டைத் தேர்ந்தெடுங்கள். அதை முன்பே நிறுவியிருக்க வேண்டும், அதற்கு ஒருமுறை இணையம் தேவை. பிறகு வேண்டுமென்றே ஒரு தவறான விடையை எழுதிச் சிவப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கருவி நம் சோதனையைப் படிக்கிறது. வராவிட்டால் கோப்பின் பெயரையும் செயற்கூற்றின் பெயரையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்ற சொல்லும் அடிக்கோடும் முன்னால் இருக்க வேண்டும்.