ஜாவாஸ்கிரிப்டில் பல்பரிமாண அணிகள்: தொழிற்சாலை ஷிப்டுக் கணக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதி தமிழக வாகன உற்பத்தியின் முதன்மைக் களங்களுள் ஒன்றாகும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இலும், ஒரகடத்தில் ரெனால்ட் – நிசான் 2010இலும் உற்பத்தியைத் தொடங்கின. ஷிப்டு முறையில் இயங்கும் ஆலையொன்றின் உற்பத்திக் கணக்கு நாள், ஷிப்டு என்னும் இரு அச்சுகளில் அமைவது. அத்தகைய கணக்கொன்றைக் கற்பித்துக்கொண்டு, ஜாவாஸ்கிரிப்டில் பல்பரிமாண அணிகள் செயற்படும் முறையையும் அவற்றில் நேரும் பிழையொன்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அணியின் அமைப்பு

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டில், பல்பரிமாண அணி எனத் தனித் தரவு வகை இல்லை. ஓர் அணியின் உறுப்புகளாக வேறு அணிகளை வைப்பதே நடைமுறை. சி மொழியின் இருபரிமாண அணி நினைவகத்தில் ஒரே தொடர்ச்சியாக அமையும். ஜாவாஸ்கிரிப்டின் வெளியணியோ உள்ளணிகளைச் சுட்டும் சுட்டுகளை மட்டுமே கொண்டுள்ளது. ஆறு நாள், மூன்று ஷிப்டுக்கான அணியில் [3][1] என்பது நான்காம் நாளின் இரண்டாம் ஷிப்டைக் குறிக்கும். சுட்டெண் சுழியத்திலிருந்து தொடங்குவதே காரணம்.

பகிர்ந்த சுட்டின் விளைவு

2015ஆம் ஆண்டின் தரநிலையில் சேர்க்கப்பட்ட ‘ஃபில்’ செயற்கூறு, தரப்படும் மதிப்பை எல்லா இடங்களிலும் நிரப்பும். [0, 0, 0] என்னும் உள்ளணியை அதனிடம் தந்தால், ஆறு அணிகள் உருவாவதில்லை. ஒரே அணியை ஆறு நாள்களும் சுட்டுகின்றன. முதல் ஷிப்டில் திங்கள் முதல் சனி வரை முறையே 40, 42, 38, 41, 39, 30 எனப் பதிவு செய்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு பதிவும் முந்தையதை அழிக்கும். இறுதியில் ஆறு நாள்களும் 30 என்றே காட்டும். உண்மைக் கூட்டுத்தொகை 230. கணினி தருவது 180. நிரல் எவ்விதப் பிழைச் செய்தியும் தராது. 180 நம்பத்தக்க எண்ணாகவும் தோன்றும். ஊக்கத்தொகை இக்கணக்கின்படி வழங்கப்படுமாயின், இழப்பு தொழிலாளரைச் சேரும்.

தீர்வுகள்

‘அரே.ஃப்ரம்’ செயற்கூற்றுக்கு உள்ளணியைத் தராமல், அதனை உருவாக்கும் செயற்கூற்றைத் தருதல் வேண்டும். அச்செயற்கூறு ஒவ்வொரு நாளுக்கும் ஒருமுறை இயங்குவதால் ஆறு தனித்தனி அணிகள் தோன்றும்.

படியெடுக்கும்போதும் இதே கவனம் தேவை. ‘ஸ்லைஸ்’ வெளியணியை மட்டுமே படியெடுக்கும். அவ்வாறு சேமித்தபின் புதிய வாரத்திற்காக உள்ளணிகளின் எண்களைச் சுழியமாக்கினால், சென்ற வாரக் கணக்கும் அழியும். உள்ளணிகளையும் சேர்த்துப் படியெடுக்க ‘ஸ்ட்ரக்சர்டு குளோன்’ உதவும்.

அளவு மாறாத கணக்கிற்கு 18 உறுப்புகள் கொண்ட ஒற்றைப் பரிமாண அணியே போதும். நாளின் சுட்டெண்ணை மூன்றால் பெருக்கி, ஷிப்டின் சுட்டெண்ணைக் கூட்டினால் இடம் கிடைக்கும். [3][1] என்பது 3 × 3 + 1 = 10ஆம் சுட்டெண்ணாகும். பகிர்வதற்கு உள்ளணிகளே இல்லாமையால் மேற்கண்ட பிழைக்கும் இதில் இடமில்லை.

முடிவுரை

ஜாவாஸ்கிரிப்டின் பல்பரிமாண அணி எழுத்தில் அட்டவணையாகத் தோன்றினும் நினைவகத்தில் சுட்டுகளின் தொகுப்பே ஆகும். ஓரிடத்தில் மதிப்பை எழுதி, பிற வரிசைகள் மாறாதிருப்பதைச் சரிபார்க்கும் எளிய சோதனை இப்பிழையைத் தொடக்கத்திலேயே வெளிப்படுத்தும். நிரலாக்கம் கற்பிப்போர் தொடரியலுக்கு முன்னர் இவ்வேறுபாட்டை வரைபடம் வழி உணர்த்துவது பயன் தரும்.