போர்வைக்கு விலை சொல்வது யார்? அலபாமா பெண்களின் அறுபதாண்டுக் கதை

முட்டி வெளுத்த ஜீன்ஸ் பேன்ட், வயலுக்குப் போட்டுப் போட்டுக் கிழிந்த சட்டை, பழைய மூட்டைத் துணி. இவற்றை வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வைகள் இன்று அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களில் ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்குகின்றன. தைத்தவர்கள், அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள். இவர்களுக்குப் புகழ் வந்த கதையை அடிக்கடி எழுதுகிறார்கள். கூலி வந்த கதைதான் கொஞ்சம் சிக்கலானது.

மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த ஊர் அது. ஒருகாலத்தில் பருத்தித் தோட்டம். அங்கே அடிமைகளாக உழைத்தவர்களின் வாரிசுகளில் பலர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். தோட்ட முதலாளியின் பெயரான 'பெட்வே'தான் அவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர். ஓட்டுரிமை கேட்டு ஆற்றைக் கடந்து போகிறார்கள் என்று 1962-ல் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். மறுபடி படகு ஓடியது எப்போது தெரியுமா? 2006-ல்!

அந்த ஊரில் போர்வை என்பது கலைப்பொருள் இல்லை, குளிருக்கான தேவை. பலகை இடுக்கில் காற்று நுழையும் வீட்டில், பிள்ளைகள்மேல் ஒன்றுக்கு மூன்றாகப் போர்த்தியாக வேண்டும். பகலெல்லாம் வயல் வேலை, பிறகு சமையல், அதற்கும் பிறகுதான் ஊசியைக் கையில் எடுக்க நேரம் கிடைக்கும். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, போர்வை முழுக்கக் கையாலேயே சின்னச் சின்னத் தையல் போடுவார்கள். டிசைன் அவரவர் மனதில் தோன்றுவதுதான்.

1965 டிசம்பரில் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அந்தப் பக்கம் போனபோது, ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வைகளைப் பார்த்து நின்றுவிட்டார். ஒன்றுக்குப் பத்து டாலர் கொடுத்து ஊரில் போர்வைகளை வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். 1966-ல் 'ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பு பிறந்தது. அதை நடத்தியவர் எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற உள்ளூர்ப் பெண். தைத்தவர் கைக்கே காசு போனது. பல பெண்களுக்கு அதுவே தன் பெயரில் வந்த முதல் சம்பாத்தியம்.

ஆனால், பெரிய கடைகள் ஆர்டர் கொடுக்கும்போது கூடவே நிபந்தனையும் வந்தது. எல்லாப் போர்வையும் ஒரே அளவு, ஒரே டிசைன்! 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்கு கார்டுராய் தலையணை உறைகளை மொத்தமாகத் தைத்துக் கொடுத்தார்கள். 'கலை போச்சே' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மாதாமாதம் மளிகைக் கடன் அடைக்க வேண்டியவருக்கு அந்தச் சுளிப்பு புரியாது. அந்தப் பெண்கள் சாமர்த்தியசாலிகளும்கூட. மிஞ்சிய கார்டுராய் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய், தங்கள் மனம்போல் போர்வை தைத்தார்கள். இன்று கொண்டாடப்படும் போர்வைகளில் அவையும் உண்டு.

2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடந்தது. அடுத்து நியூயார்க். 2006-ல் பத்துப் போர்வைகளின் படத்தோடு அமெரிக்க அரசு தபால்தலைகளே வெளியிட்டது. மறு ஆண்டே அந்தப் பெண்களில் சிலர் நீதிமன்றப் படியேறினார்கள். போர்வைக்கும், அதன் டிசைனை வேறு பொருள்களில் பயன்படுத்தியதற்கும் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்பது வழக்கு. எதிர்த்தரப்பு மறுத்தது. 2008-ல் வழக்குகள் முடிவுக்கு வந்தன.

போர்வையை விற்றால், அதன் டிசைனையும் சேர்த்தே விற்றதாகிவிடுமா? இந்தக் கேள்வி அதோடு தீரவில்லை. 2021-ல் சிலர் எட்ஸி தளத்தில் சொந்தக் கடை திறந்தார்கள். பெரிய போர்வைக்கு ஆயிரக்கணக்கான டாலர் என்று அவர்களே விலை போட்டார்கள். 2024-ல் டார்கெட் நிறுவனம் ஐந்து பெண்களின் டிசைன்களை வாங்கி, நாடெங்கும் பொருள்களாக விற்றது. டிசைன் தந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு தடவைத் தொகை. எவ்வளவு விற்றாலும் அதற்கு மேல் பங்கு கிடையாது. ஒப்பந்தம் போட்டுத்தான் செய்தார்கள், சட்டப்படி தப்பில்லை. இருந்தாலும், என்னைக் கேட்டால், ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று பங்கு கேட்டிருக்க வேண்டும்.

நம் ஊரில் அம்மாவின் பழைய புடவைகளைப் போர்வையாகத் தைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 'துணி நான்தானே தர்றேன், நாலு தையல் போட இவ்வளவா?' என்பதுதான் வழக்கமான பேரம். கையால் தைக்க 60 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலே கூலி மட்டும் 3,600 ரூபாய். பஞ்சு, நூல், அடித்துணி எல்லாம் தனி. 1,500 ரூபாய்க்குப் பேசி முடித்தால், மணிக்கு 25 ரூபாய்தான் நிற்கும். 'வீட்டுல சும்மா இருக்கிற நேரம்தானே' என்று அதையும் விட்டுக்கொடுப்பவர்கள் ஏராளம். அந்த நேரத்தில்தான் கண் வலியும் கழுத்து வலியும் வருகின்றன.

பிளவுஸோ, ஆரி வொர்க்கோ, போர்வையோ, அடுத்த ஆர்டருக்கு ஆரம்பித்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பொட்டிக்குக்குத் தைத்துக் கொடுத்தால், டிசைன் உங்களுடையது என்பதையும், மறுபடி அதே டிசைனைப் போட்டால் எவ்வளவு என்பதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். துணியில் கத்தரி வைப்பதற்கு முன்பே அட்வான்ஸும் கைக்கு வந்துவிடட்டும்.