அழுகியதா, கெட்டதா, துருப்பிடித்ததா?

தங்காக்கில் டுரியான் பருவம் முடியும்போது, பொறுக்க ஆளில்லாமல் மரத்தடியிலேயே கிடக்கும் பழத்தின் நிலையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? அகராதியில் ‘ரொட்’, ‘டிகே’, ‘டிகம்போஸ்’, ‘ஸ்பாய்ல்’ என்று பல சொற்கள் கிடைக்கும். கட்டுரையில் ஏதாவது ஒன்றைப் போட்டுச் சமாளித்துவிடலாம். அறிவியல் தாளில் முடியாது.

ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்து, சதை குழைந்து நாறுவது ‘ரொட்’. அதே பழம் கூறுகூறாகப் பிரிந்து மண்ணோடு கலப்பது ‘டிகம்போஸ்’. இச்சொல்லுக்கு நாற்றம் முக்கியமில்லை, பிரிதல்தான் முக்கியம். அதனால்தான் பச்சை நிறச் செம்பு கார்பனேட்டைச் சூடாக்கினால் அது கறுப்பு ஆக்சைடாகவும் கரியமில வாயுவாகவும் ‘டிகம்போஸ்’ ஆகிறது என்கிறோம். அங்கே எந்த நுண்ணுயிரும் இல்லை.

‘ஸ்பாய்ல்’ சாப்பிடுகிறவர் பார்வையில் பிறந்த சொல். நேற்றைய சாம்பார் ஊசிப்போனால் இதுதான். காய்ந்து சுவை போன ரொட்டி ‘ஸ்டேல்’, காறிப்போன எண்ணெய் ‘ரேன்சிட்’. டுரியான் சதையில் உப்பிட்டுப் புளிக்கவைக்கும் தெம்போயாக்கிலும் நுண்ணுயிர்தான் வேலை செய்கிறது. ஆனால் அதைக் கெட்டுப்போனது என்று யாரும் சொல்வதில்லை. அது ‘ஃபெர்மென்ட்’, நம் இட்லி மாவைப் போல.

அதிகம் சறுக்கவைப்பது ‘டிகே’. ‘கீழே விழு’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிறிது சிறிதாகத் தேய்ந்து குறைவதே இதன் உயிர். பல் சொத்தையாவது ‘டிகே’. பராமரிப்பில்லாத பழைய கட்டடம் சிதைவதும் ‘டிகே’. கார்பன்-14 ஏறக்குறைய 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவதும் ‘டிகே’தான். மலாய்மொழி இயற்பியல் பாடத்தில் இதை ‘ரெப்புத்தான்’ என்கிறார்கள். உளுத்த மரத்துக்கும் மலாயில் ‘ரெப்புட்’ என்பதால், அந்த நினைப்பில் கதிரியக்கத்துக்கு ‘ரொட்’ என்று எழுதிவிட்டால் விடை நகைச்சுவையாகிவிடும். மலாய் ஒரே சொல்லால் சொல்வதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. தமிழிலும் கதிரியக்கம் அழுகாது, சிதையும்.

உலோகத்துக்கு வந்தால் தமிழ் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ‘கொரோட்’ எல்லா உலோகத்துக்கும் பொது. ‘ரஸ்ட்’ இரும்புக்கும் எஃகுக்கும் மட்டும். நாமும் இரும்புக்குத் துரு என்கிறோம், செம்புக்குக் களிம்பு என்கிறோம். செம்புக் குடம் துருப்பிடித்துவிட்டது என்று பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், வேதியியல் ஆசிரியருக்கு முன்பே அவர் திருத்திவிடுவார்.