ரத்தம் வராத அடியும் அடிதான்

"ஒண்ணுமில்லேண்ணே, லேசான அடிதான். ரத்தம்கூட வரலே!"

செம்பனை வெட்டும்போது மட்டை தலையில் விழுந்தாலும் சரி, விடியற்காலை மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும் சரி, நம்மவர் வாயில் முதலில் வருவது இந்தப் பேச்சுதான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு, மறுநாள் பெரட்டுக்கு வந்து நின்றுவிடுவார்.

தொல்லை பிறகுதான் தொடங்குகிறது. தலைவலி விடுவதில்லை. வெயில் கண்ணைக் கூசுகிறது. மண்டோர் காலையில் சொன்னது மத்தியானத்துக்குள் மறந்துபோகிறது. ராத்திரியில் தூக்கமில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டால் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "இவுங்க முன்னே இப்படி இல்லீங்க" என்று மனைவி கண் கலங்குகிறார். வேலைக்காட்டில் 'சோம்பேறி' என்ற பட்டம். காத்துக் கருப்பு என்று கயிறு கட்டுவோரும் உண்டு. கயிறு கட்டட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் டாக்டரையும் பார்க்க வேண்டுமல்லவா?

மூளை மண்டையோட்டுக்குள் நீரில் மிதப்பதுபோல் இருக்கிறது. அடி பட்டால் அது குலுங்குகிறது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே பாதிப்பு ஏற்படலாம்.

1974-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை எண் கொடுப்பார்கள். 13 முதல் 15 வரை இருந்தால் 'லேசான' தலைக்காயம். இது ஆரம்பத்தில் போடும் கணக்குதான். பிறகு ஒரு தொல்லையும் வராது என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். லேசான காயத்தில் படம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதை வைத்து, 'நடிக்கிறான்' என்று சொல்வது தவறு. அடிபட்டது எப்படி, மயக்கம் எவ்வளவு நேரம், எது முதல் எதுவரை நினைவில்லை என்று கேட்டுத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். ஆகவே, விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் கூடவே போக வேண்டும்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குளறல், கைகால் பலமிழப்பு, எழுப்பியும் எழாத தூக்கம் — இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்கக் கூடாது. பாக்கார் ஆராங் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை அருகில்தான். வயதானவர்களும், ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குச் சில வாரங்கள் கழித்துக்கூட ரத்தக்கசிவு தெரியவரலாம்.

பயப்படவும் வேண்டாம். பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் குணமடைகிறார்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலை. டாக்டர் சம்மதிக்கும்வரை மோட்டார் சைக்கிளும், குலை வெட்டும் கம்பும் வேண்டாம். தண்ணி போடவே கூடாது. ஆறுவதற்குள் இன்னோர் அடி பட்டால் தொல்லை கூடும். மூன்று மாதம் கடந்தும் தலைவலியும் மறதியும் தீராதவர்கள் சிலர் உண்டு. அவர்கள் மறுபடியும் டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று, நம் உரிமை. 1971-ல் தொடங்கிய சொக்சோ, வேலையில் பட்ட காயத்துக்கும், வழக்கமான பாதையில் வேலைக்குப் போகும்போது பட்ட காயத்துக்கும் பொறுப்பேற்கிறது. விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. கிடைத்தால், கணக்கிட்ட சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு உண்டு. ஆனால் அன்று மறைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து 'அப்பவே அடிபட்டது' என்றால் அதை நிரூபிப்பது யார்? அன்றே மண்டோரிடம் சொல்லுங்கள். கிளினிக் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மோட்டார் சைக்கிளில் போவோர் தலைக்கவசம் போட வேண்டும் என்ற சட்டம் 1973-லேயே வந்தது. 'உள்ரோடுதானே' என்று அதை வீட்டு ஆணியில் மாட்டிவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

சகோதரிகளே, அடிபட்ட பிறகு வீட்டுக்காரர் குணம் மாறினால், "கொழுப்பு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கோபத்துக்கும் மறதிக்கும் பின்னால் ஒரு காயம் இருக்கலாம். அதைக் கையோடு டாக்டரிடம் சொல்லுங்கள்.