நாற்காலியில் 300 கிலோமீட்டர் வேகம்!

தலையில் பெட்டி, கையில் ஸ்டியரிங். கார் மட்டும் இல்லை!

வாலிபர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணையும் நெற்றியையும் ஒரு பெட்டி மூடியிருக்கிறது. கையில் ஸ்டியரிங். காலடியில் பிரேக். திடீரென்று தலையை இடப்பக்கம் திருப்புகிறார். "ஒதுங்கு, ஒதுங்கு!" என்று கத்துகிறார். உடம்பு முழுவதும் வியர்வை.

சத்தம் கேட்டுப் பாட்டி எட்டிப் பார்க்கிறாள். "யாரை ஏசுகிறாய்?" என்று கேட்கிறாள்.

அறையில் வேறு யாரும் இல்லை.

ஆனால் வாலிபரின் கண்ணுக்கு 15 கார்கள் தெரிகின்றன! மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அவர் பறந்துகொண்டிருக்கிறார். பக்கத்துக் கார் உரசுகிற மாதிரி வருகிறது. அதைத்தான் ஏசினார்.

இதுதான் "வி.ஆர். ஹெட்செட்" என்ற தலைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆடும் கார்ப் பந்தய வீடியோ விளையாட்டு. "இதற்கு மிஞ்சி ஒன்றும் இல்லை" என்கிறார்கள் சிலர். "காசுக்குப் பிடித்த கேடு, தலைவலி" என்கிறார்கள் சிலர். யார் சொல்வது சரி?

50 ஆண்டுக் கதை

கார்ப் பந்தய விளையாட்டு நேற்று வந்தது அல்ல. 1974-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி "கிரான் டிராக் 10" என்ற இயந்திரத்தைச் செய்தது. காசு போட்டு ஆடும் பெட்டி அது. அதிலேயே ஸ்டியரிங், கியர், பிரேக் எல்லாம் உண்டு. ஆனால் சாலை? கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள். அவ்வளவுதான். நடுவில் எறும்பு மாதிரி ஒரு கார் ஊரும்.

1982-ல் ஜப்பானின் நாம்கோ கம்பெனி "போல் பொசிஷன்" விளையாட்டைக் கொண்டுவந்தது. காருக்குப் பின்னாலிருந்து பார்ப்பது போல சாலை தெரிந்தது. மக்கள் மொய்த்தார்கள்.

பிறகு வந்தார் கசுனோரி யமவுச்சி. ஜப்பானியர். கார்ப் பைத்தியம். "விளையாட்டுக் கார் விளையாட்டுக் கார் மாதிரி ஓடக்கூடாது. நிஜக் கார் மாதிரி ஓடவேண்டும்" என்பது அவர் எண்ணம். கனமான கார் மெதுவாகத் திரும்பவேண்டும். வளைவில் வேகமாகப் போனால் சறுக்கவேண்டும். ஒவ்வொரு காருக்கும் தனிக்குணம் இருக்கவேண்டும். இதற்காகப் பல ஆண்டு பாடுபட்டார். 1997 டிசம்பரில் "கிரான் டூரிஸ்மோ" வெளிவந்தது. முதல் விளையாட்டு மட்டும் ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றது! அதே பெயரில் அடுத்தடுத்து வந்தவற்றையும் சேர்த்தால் 2022-க்குள் 9 கோடி.

தலைக் கண்ணாடியின் கதை இன்னும் பழையது. ஐவன் சதர்லாண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1968-ல் ஒன்று செய்தார். அதைத் தலை தாங்காது. அவ்வளவு கனம்! ஆகவே கூரையிலிருந்து தொங்கவிட்டார். உள்ளே தெரிந்ததும் வெறும் கோடுகள்தான். ஆனால் தலையைத் திருப்பினால் அந்தக் கோடுகளும் அதற்கேற்றபடி மாறின. அது போதுமே! விதை அங்கே விழுந்துவிட்டது.

2016-ல் வீட்டில் வைத்து ஆடக்கூடிய தலைக் கண்ணாடிகள் கடைக்கு வந்தன. 2017-ல் வந்த கிரான் டூரிஸ்மோ விளையாட்டில் அதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். ஒரே ஒரு எதிராளியோடு ஓட்டலாம். ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2023 பிப்ரவரியில் சோனி கம்பெனியின் இரண்டாவது தலைக் கண்ணாடி வந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. கிரான் டூரிஸ்மோ 7-ல், இருவர் ஒரே திரையைப் பங்கிட்டு ஆடுவதைத் தவிர, பந்தயம் எல்லாவற்றையும் தலைக் கண்ணாடியில் ஓட்டலாம் என்று ஆயிற்று.

உள்ளே என்ன இருக்கிறது?

பெட்டிக்குள் ஒரு கண்ணுக்கு ஒரு படம். மறு கண்ணுக்கு இன்னொரு படம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இம்மி வித்தியாசம் உண்டு. நம் இரண்டு கண்ணும் உலகத்தைப் பார்ப்பது அப்படித்தானே! ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். எவ்வளவு கஷ்டம்! இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் தூரம் சரியாகத் தெரியும். அந்தத் தூரத்தைத்தான் தலைக் கண்ணாடி காட்டுகிறது.

தலை திரும்பினால் படமும் திரும்பவேண்டும். அதுவும் உடனே! சினிமாவில் நொடிக்கு 24 படம் ஓடுகிறது. அது நமக்குப் போதும். இங்கே போதாது. சோனியின் இரண்டாவது தலைக் கண்ணாடி நொடிக்கு 90 அல்லது 120 படம் காட்டுகிறது. கொஞ்சம் தாமதித்தாலும் போயிற்று. வயிற்றைப் புரட்டும்.

நான் பட்ட பாடு

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். உறவினர் வீட்டில் மாட்டிப் பார்த்தேன். "சித்தப்பா, முதல் தடவை 5 நிமிஷம் போதும்" என்றான் பையன். நான் கேட்கவில்லை.

முதலில் பிரமாதமாக இருந்தது. காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன்! குனிந்தால் இருக்கை தெரிகிறது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் கார் தெரிகிறது. நேர்ச்சாலையில் ராஜா மாதிரி போனேன். மூன்றாவது வளைவில் கார் சறுக்கியது. சுழன்றது. உலகமே சுற்றியது. அத்தோடு என் வீரம் முடிந்தது. கழற்றி வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் கேட்டேன். ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தேன்.

ஏன் இப்படி? காரணம் காதுக்குள் இருக்கிறது!

காது கேட்பதற்கு மட்டும் அல்ல. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே நீர் இருக்கிறது. தலை அசைந்தால் நீர் அசையும். "நாம் திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சொல்லும். தலைக் கண்ணாடியில் என்ன ஆகிறது? "சுழல்கிறோம்" என்கிறது கண். "இல்லை, நாற்காலியில்தான் இருக்கிறோம்" என்கிறது காது. இரண்டு சாட்சி, இரண்டு விதம். மூளை குழம்புகிறது. வயிறு புரட்டுகிறது.

பஸ்ஸில் புத்தகம் படித்தால் சிலருக்குக் குமட்டும். அதுவும் இதுதான். ஆனால் தலைகீழ். அங்கே கண் "அசையவில்லை" என்கிறது. காது "அசைகிறோம்" என்கிறது.

இது எல்லோருக்கும் வருவது இல்லை. சிலருக்கு ஒன்றுமே ஆகாது. சிலருக்குப் பழகப் பழகக் குறையும். சிலருக்குக் குறையவே குறையாது. வெட்டவெளியில் நடந்து திரியும் விளையாட்டைவிடக் கார் விளையாட்டில் தொந்தரவு கொஞ்சம் குறைவு. காரின் உட்புறம் கண்முன் அசையாமல் நிற்கிறது அல்லவா? அது ஒரு பிடிப்பு.

இரண்டு கட்சி

ஹெட்செட் கட்சிக்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று ஒரு பந்தயச் சாலை இருக்கிறது. காடு மலைக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. ஒரு சுற்று 20 கிலோமீட்டருக்கு மேல்! மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 300 மீட்டர் உயர வித்தியாசம். பல ஆண்டாக இதை டெலிவிஷன் திரையில் ஓட்டியவர்கள் உண்டு. "இது மேடு என்பதே தலைக் கண்ணாடியில்தான் தெரிந்தது" என்கிறார்கள் அவர்கள். திரையில் எல்லாம் தட்டை. பிரேக் போடும் இடத்தைப் பலகையைப் பார்த்து மனப்பாடம் செய்யவேண்டும். தலைக் கண்ணாடியில் வளைவு எவ்வளவு தூரம் என்று கண்ணே சொல்லிவிடும். வளைவுக்குள் திரும்புமுன் தலையைத் திருப்பிப் பார்க்கலாம். நிஜமாக ஓட்டுகிறவர்கள் அப்படித்தானே செய்கிறார்கள்!

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? "அரைக் கிலோவுக்கு மேல் முகத்தில் தொங்குகிறது. ஒரு மணி நேரம் தாங்குமா? வியர்வையில் கண்ணாடி மங்குகிறது. பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் செம்பு கைக்கு அகப்படவில்லை. படமும் நல்ல திரை அளவுக்குத் துலக்கம் இல்லை" என்கிறார்கள். மணிக்கணக்கில் நடக்கும் போட்டிகளில் ஆடுகிறவர்கள் பலர் திரையைத்தான் நம்புகிறார்கள். ஆசைக்கு ஹெட்செட், ஜெயிப்பதற்குத் திரை என்று இரண்டையும் வைத்திருப்பவர்களும் உண்டு.

என்னைக் கேட்டால்? மூன்று வளைவு ஓட்டியவன் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் அந்த நேர்ச்சாலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

விளையாடியவர் வீரர் ஆனார்!

விளையாட்டில் கெட்டிக்காரனாக இருந்தால் நிஜக் கார் ஓட்ட முடியுமா? "முடியாது" என்றுதான் எல்லோரும் சிரித்தார்கள். 2008-ல் நிசான் கார்க் கம்பெனியும் கிரான் டூரிஸ்மோவும் சேர்ந்து ஒரு போட்டி வைத்தன. வீட்டில் இருந்தபடி விளையாட்டில் வேகமாக ஓட்டவேண்டும். தேறியவர்களுக்கு நிஜக் காரில் பயிற்சி. முதலில் வென்றவர் ஸ்பெயின் தேசத்து மாணவர் லூக்காஸ் ஓர்டோனியெஸ். 2011-ல் பிரான்சில் நடந்த லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் குழு தன் பிரிவில் 2-வதாக வந்தது. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள்.

அதே 2011-ல் இன்னொரு வாலிபர் வென்றார். பெயர் யான் மார்டன்பரோ. பிரிட்டனில் கார்டிஃப் நகரில் வளர்ந்தவர். வயது 19. கார்ப் பந்தயம் பணக்காரர் ஆட்டம். பிள்ளைப் பருவத்திலிருந்தே லட்சக்கணக்கில் கொட்டவேண்டும். அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்குக் கதவு மூடியே இருக்கும். மார்டன்பரோ தன் படுக்கை அறையில் விளையாடிக் கதவைத் திறந்தார்! சுமார் 90 ஆயிரம் பேரை முந்தினார். 2013-ல் லே மான் பந்தயத்தில் தன் பிரிவில் 3-ம் இடம் பெற்ற குழுவில் இருந்தார். ஓர்டோனியெசும் அதே காரை ஓட்டினார்.

இவர்கள் ஆடியது சாதாரணத் திரையில். வீட்டுத் தலைக் கண்ணாடி அப்போது கடைக்கு வரவில்லை. ஆகவே, "திறமைக்கு ஹெட்செட் தேவை இல்லை" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் இதைக் காட்டுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

கார் பறந்த இடம்

2015 மார்ச் 28. அதே நூர்பர்க்ரிங். பந்தயம் நடந்துகொண்டிருந்தது. சாலையில் ஒரு மேடு. அந்த இடத்துக்குப் பெயர் "ஃப்ளூக்பிளாட்ஸ்". ஜெர்மன் மொழியில் விமானத் தளம் என்று அர்த்தம்.

மார்டன்பரோவின் கார் மேட்டின் மேல் ஏறியது. முன்பக்கம் மேலே தூக்கியது. அடியில் காற்று புகுந்தது. கார் ஆகாயத்தில் எழும்பிப் புரண்டு, வேலியைத் தாண்டி விழுந்தது. வேலிக்கு அப்பால் பந்தயம் பார்க்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் இறந்தார். சிலர் காயம் அடைந்தனர். மார்டன்பரோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்தார். பிறகு மீண்டும் பந்தயம் ஓட்டினார்.

விளையாட்டில் கார் கவிழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். மறுபடி புதுக் கார் வரும். தலைக் கண்ணாடி மேட்டைக் காட்டும், பள்ளத்தைக் காட்டும். வளைவில் உடம்பை ஒரு பக்கமாக நசுக்கும் பாரத்தைக் காட்டாது. வேலிக்கு அப்பால் நிற்கும் மனிதரின் உயிரையும் காட்டாது.

2023-ல் மார்டன்பரோவின் கதை "கிரான் டூரிஸ்மோ" என்ற பெயரிலேயே ஹாலிவுட் படமாக வந்தது. 2015-ல் நடந்த விபத்தை, 2013 லே மான் வெற்றிக்கு முன்னால் நடந்ததாகப் படத்தில் மாற்றிவிட்டார்கள். வீழ்ந்தவன் எழுந்து ஜெயிப்பதுபோல் கதை அமைந்தது. ஒரு மனிதரின் சாவைக் கதைக்கு ஏற்றபடி முன்னும் பின்னும் நகர்த்தலாமா என்று பலர் கண்டித்தார்கள். விபத்தைப் படத்தில் சேர்த்தது சரியே என்றார் மார்டன்பரோ. அதை மறைக்கக் கூடாதுதான். ஆனால் தேதியை மாற்றியது சரி இல்லை என்பது என் கட்சி.

அந்தப் படத்தில் ஒரு விந்தை. மார்டன்பரோவாக நடித்தவர் வேறு ஒருவர். கார் பறக்கும் காட்சிகளில் அந்த நடிகருக்குப் பதிலாக ஓட்டியவர் யார் தெரியுமா? நிஜ மார்டன்பரோவேதான்!

வாங்கலாமா?

சோனியின் இரண்டாவது தலைக் கண்ணாடி வெளிவந்தபோது அமெரிக்காவில் 550 டாலர். 2025 மார்ச்சில் 400 டாலராகக் குறைத்தார்கள். இது கண்ணாடிக்கு மட்டும். விளையாட்டுப் பெட்டி தனி. ஸ்டியரிங் தனி. மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். முதலில் தெரிந்தவர் வீட்டில் மாட்டிப் பார்ப்பது நல்லது. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் காசு பாழ்.

12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மாட்டக்கூடாது என்று சோனியே சொல்லியிருக்கிறது. "ஒரு நிமிஷம்தானே" என்று சின்னப் பிள்ளைகளுக்கு மாட்டி வேடிக்கை பார்க்காதீர்கள்.

பெரியவர்களும் 5 நிமிஷத்தில் தொடங்கவேண்டும். எதிரே மின்விசிறி இருந்தால் புழுக்கமும் குமட்டலும் குறையும் என்கிறார்கள் பழகியவர்கள். லேசாகக் குமட்டினால் உடனே கழற்றவேண்டும். "இன்னும் ஒரு சுற்று" என்று இருந்தால் என் கதிதான். கழற்றியதும் எழுந்து நடக்காதீர்கள். தலை தெளியும்வரை உட்கார்ந்திருங்கள். அன்று நிஜ வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் நன்றாகத் தெளிந்த பிறகு சாவியைத் தொடுங்கள்.

கைக்கு எட்டும் தூரத்தில் செம்பு, டம்ளர், விளக்கு எதுவும் இருக்கவேண்டாம். உள்ளே இருப்பவருக்கு வெளியே இருப்பது தெரியாது. பாட்டி காப்பி கொண்டுவந்து நீட்டினால், தட்டிவிட்டுவிட்டு, "யார் மோதியது?" என்று கேட்பார்!