அணிச் சின்னங்களின் ஒருநாள் வருகையும் 49 நாள் விடுமுறையும்

ஹைதராபாத் நகரின் மேற்கே, கச்சிபௌலியில் உள்ள விளையாட்டரங்கம் ஜி.எம்.சி. பாலயோகியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மக்களவைத் தலைவராகப் பதவி வகித்தபோதே, 2002 மார்ச் 3-ம் தேதி ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்தவர் அவர். அந்த அரங்கை முதன்மை மைதானமாகக் கொண்டு 2003 அக்டோபர் 24 முதல் நவம்பர் 1 வரை, தீபாவளியை ஒட்டி, ஆப்பிரிக்க - ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன.

போட்டியின் சின்னம் ஷேரூ என்னும் சிங்கக்குட்டி. சிங்கம் இன்றும் காட்டில் வாழ்வது இவ்விரு கண்டங்களில் மட்டுமே என்பதால் பொருத்தமான தேர்வுதான். ஆனால் போட்டிகள் முடிந்ததும் ஷேரூவும் விடைபெற்றது. அப்போட்டி மீண்டும் நடத்தப்படவே இல்லை.

நம் நாட்டில் இத்தகைய சின்னங்கள் பெரும்பாலும் போட்டிக்கு உரியவை. அணிக்கு உரியவை அல்ல. 1982-ல் தில்லியில் அப்பு, 2010-ல் ஷேரா, 2022-ல் மாமல்லபுரத்தில் வேட்டி கட்டிய 'தம்பி' என எல்லாமே சில வார விருந்தாளிகள். இங்கிலாந்தில் கால்பந்து அணியின் சின்னம் ஆண்டுக்கணக்கில் அணியோடு வாழ்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீடு திரும்ப இயலாத குழந்தைகளைக் காண அணியினர் மருத்துவமனைக்குச் செல்வது அங்கு நிலைத்துவிட்ட வழக்கம். ஆர்செனல் அணியின் பச்சை நிற டைனோசரே 11 வயதுச் சிறுவன் வரைந்த படத்திலிருந்து பிறந்ததுதான். ஆண்டுக்கணக்கில் அந்த உடைக்குள் இருந்தவர் 2020 அக்டோபரில் வேலையிழந்தபோது ரசிகர்கள் கொதித்தெழுந்தனர்.

ஹைதராபாதின் கிரிக்கெட் அணிகளுக்கு அந்த நீண்ட உறவு வாய்க்கவில்லை. காளையைச் சின்னமாகக் கொண்ட டெக்கான் சார்ஜர்ஸ் 2009-ல் ஐ.பி.எல். கோப்பையை வென்றது; 2012-ல் அணியே நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, சென்னை நிறுவனமொன்றின் உடைமையாக, கழுகுச் சின்னத்துடன் சன்ரைசர்ஸ் வந்தது. மும்பை இந்தியன்ஸ் அணியோ 2010 முதல் ஏழைக் குழந்தைகளைத் தன் மைதானத்துக்கே அழைத்து வருகிறது. 2024 ஏப்ரல் 7-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வான்கடே அரங்கில் சுமார் 18 ஆயிரம் குழந்தைகள் அமர்ந்து ஆட்டம் பார்த்தனர். அந்த ஒருநாள் மகிழ்ச்சியைக் குறைகூற எவருக்கும் மனம் வராது.

மறுநாள் என்ன என்பதுதான் கேள்வி. தெலங்கானாவில் 2024-ம் ஆண்டு கோடை விடுமுறை ஏப்ரல் 24 முதல் ஜூன் 11 வரை, 49 நாள்கள். பள்ளி மூடப்பட்டால் மதிய உணவும் நிற்கிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் உத்தரவிட்டது. 2016 மே மாதம் அதையே மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது.

அதே 2016 ஜூலையில் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 14 வயதுக்குட்பட்டோரைப் பணியமர்த்த முழுத் தடை விதித்த அச்சட்டம், ஒரு விலக்கையும் அளித்தது. அபாயமற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோ குழந்தை உதவலாம். மசோதா நிறைவேறியபோது தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த பண்டாரு தத்தாத்ரேயா, அப்போது செகந்திராபாத் தொகுதியின் உறுப்பினர். விடுமுறை என்ற சொல் ஏழைக் குழந்தைக்கு என்ன பொருள் தருகிறது என்பதை அந்த ஒரு பிரிவு காட்டிவிடுகிறது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் விதி உண்டு. ஒருமுறை மட்டும் நடத்தப்படும் நிகழ்ச்சிகள் அந்தச் செலவுக் கணக்கில் சேராது என்று மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2014 ஜூனில் சுற்றறிக்கை விடுத்தது. விளம்பர ஆதாயம் கருதிய ஆதரவுச் செலவுகள் 2021 ஜனவரியில் விதிகளிலேயே விலக்கப்பட்டன. சின்னத்தின் வருகையும் புகைப்படமும் மட்டும் போதா என்பதை அரசும் அறிந்தே இருக்கிறது.

மாற்று வழியும் ஹைதராபாதிலேயே உருவானதுதான். கச்சிபௌலி அன்று அடங்கியிருந்த ரங்காரெட்டி மாவட்டத்தில், 1991 முதல் எம்.வி. அறக்கட்டளை வேலைக்குச் சென்ற சிறாரை மீட்டு முகாம்களில் தங்கவைத்துப் பாடம் சொல்லி, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து வந்தது. அதை வழிநடத்திய சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது, ஷேரூ வந்துபோன அதே 2003-ம் ஆண்டில்.