உங்க இஎம்ஐ-யை முடிவு பண்ற 6 பேர் யாருக்குப் பதில் சொல்லணும்?



"ரிசர்வ் வங்கி சுதந்திரமா இயங்கணும்"னு டிவி விவாதத்தில் யாராவது பேச ஆரம்பித்தால், நம்மில் பலர் சேனலை மாற்றிவிடுவோம். சம்பளம், வாடகை, இஎம்ஐ என்றே மாசம் ஓடிவிடுகிறது, இதில் நமக்கு என்ன வேலைன்னு தோணும். ஆனா உங்க இஎம்ஐ ஏறுவதும் இறங்குவதும் அந்த விவாதத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. எப்படின்னு இன்னைக்கு கணக்கு போட்டே பார்த்துடலாம்.

கணக்கு முதல்ல

2022 மே 4-ஆம் தேதி, அட்டவணையில் இல்லாத ஒரு கூட்டத்தை நடத்தி முடித்துவிட்டு, ரெப்போ ரேட்டை 4 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாக உயர்த்துவதாக ஆர்பிஐ அறிவித்தது. ரெப்போ ரேட் என்பது வங்கிகளுக்கு ஆர்பிஐ குறுகிய காலத்துக்குக் கடன் கொடுக்கும் வட்டி. ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், டிசம்பர் என அது ஏறிக்கிட்டே போய், 2023 பிப்ரவரி 8-ல் 6.50 சதவீதத்தில் நின்றது. ஒன்பது மாதத்தில் 2.5 சதவீதம் ஏற்றம்.

2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் ஃப்ளோட்டிங் ரேட் வீட்டுக் கடன்கள், ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியை மாற்றியமைக்க வேண்டும். அதனால் மும்பையில் எடுக்கும் முடிவு நேரா உங்க கடன் கணக்குக்கு வந்துவிடும்.

30 லட்ச ரூபாய் கடன், 20 வருஷம், 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். இஎம்ஐ 22,367 ரூபாய். அதே கடன் 9 சதவீதத்துக்குப் போனால் 26,992 ரூபாய். மாசம் 4,625 ரூபாய் கூடுதல், வருஷத்துக்கு 55,500.

"இஎம்ஐ-யை ஏத்த வேண்டாம், காலத்தை நீட்டிக்கிறேன்"னு சொல்லலாமா? கடன் வாங்கிய புதிதில் அதுவும் நடக்காது. 30 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 22,500 ரூபாய். பழைய இஎம்ஐ 22,367. வட்டிக்கே 133 ரூபாய் பத்தலை. அசல் எப்படிக் குறையும்?

"அப்போ வட்டியை ஏத்தாமலே விட்டிருக்கலாமே?" இங்கேதான் அடுத்த பக்கத்தையும் பார்க்கணும். 2022 ஏப்ரலில் சில்லறை விலைவாசி உயர்வு 7.79 சதவீதம். உங்ககிட்ட 1 லட்ச ரூபாய் எஃப்டி 5.5 சதவீதத்தில் இருக்கு, நீங்க 20 சதவீத வரி ஸ்லாபில் இருக்கீங்க என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி, செஸ் போக வருஷக் கடைசியில் கையில் இருப்பது சுமார் 1,04,356 ரூபாய். விலைவாசி 7 சதவீதம் ஏறினால், 1 லட்சத்துக்கு வாங்கிய அதே பொருட்களுக்கு இப்போ 1,07,000 வேணும். சேமித்ததற்கு உங்களுக்குக் கிடைத்தது 2,644 ரூபாய் நஷ்டம். இதற்கு எஸ்எம்எஸ் கூட வராது.

ஆக, வட்டி ஏறினால் கடன் வாங்கியவருக்கு அடி. ஏறாமல் விலைவாசி ஓடினால் எல்லாருக்கும் அடி, சம்பளம் ஏறாதவருக்கு ரெண்டு மடங்கு அடி. இந்த ரெண்டுக்கும் நடுவில் முடிவு எடுப்பது யார்?

ஆறு பேர், ஒரு இலக்கு

2016-ல் ஆர்பிஐ சட்டம் திருத்தப்பட்டு நிதிக் கொள்கைக் குழு வந்தது. மொத்தம் ஆறு பேர். கவர்னர், ஒரு துணை கவர்னர், ஒரு ஆர்பிஐ அதிகாரி என்று உள்ளிருந்து மூன்று பேர். மத்திய அரசு நியமிக்கும் வெளியாட்கள் மூன்று பேர். இந்த மூவருக்கும் பதவிக்காலம் நான்கு வருஷம், மறு நியமனம் கிடையாது. "அடுத்த முறையும் போடுறோம்"னு ஆசை காட்டி யாரும் வளைக்க முடியாது. ஓட்டு சமமாகப் பிரிந்தால் கவர்னருக்குக் கூடுதலாக ஒரு ஓட்டு.

இலக்கை வைப்பது அரசு. ஆர்பிஐ-யுடன் கலந்து பேசி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அறிவிக்கும். 2016-ல் அறிவித்தது 4 சதவீதம், மேலே 2, கீழே 2 வரை விலகலாம். 2021-லும் அதையே வைத்தார்கள். அந்த இலக்கை அடைய வட்டியை எவ்வளவு வைக்கணும் என்பது குழுவின் வேலை. அரசு தன் கருத்தை எழுத்து மூலம் தெரிவிக்கலாம். ஓட்டு போட முடியாது. மத்திய வங்கியின் சுதந்திரம்னு சொல்வது நடைமுறையில் இதைத்தான்.

அரசே வட்டியை வைத்தால் என்ன தப்பு? எந்த அரசுக்கும் தேர்தலுக்கு முந்தைய வருஷம் வட்டி குறைவாக இருந்தால் நல்லது. விலைவாசி பிறகுதான் ஏறும், அதற்குள் தேர்தல் முடிந்திருக்கும். துருக்கியில் இதன் விளைவை உலகமே பார்த்தது. 2019 ஜூலை முதல் 2021 மார்ச் வரை மூன்று மத்திய வங்கித் தலைவர்களை அதிபர் எர்டோவான் மாற்றினார். விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போதே 2021 செப்டம்பரில் 19 சதவீதமாக இருந்த வட்டி டிசம்பருக்குள் 14 ஆனது. 2022 அக்டோபரில் அங்கே விலைவாசி உயர்வு 85 சதவீதத்தைத் தாண்டியது. கடைசியில் 2024 மார்ச்சில் வட்டியை 50 சதவீதத்துக்கு ஏத்த வேண்டியதாயிற்று. குறைந்த வட்டி கேட்டவர்கள் கடைசியில் அனுபவித்தது மிக அதிக வட்டி.

நம்ம நாட்டுச் சட்டத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. கவர்னரை நியமிப்பதும் நீக்குவதும் மத்திய அரசின் கையில்தான். பொது நலன் கருதி ஆர்பிஐ-க்கு உத்தரவு போட 7-ஆவது பிரிவும் இருக்கிறது.

சுதந்திரம் கொடுத்தாச்சு, கணக்கு யார் கேட்பது?

நாம் ஓட்டு போடாத ஆறு பேர் நம்ம பாக்கெட்டைத் தொடும் முடிவை எடுக்கிறார்கள். அவர்களை யாரும் மிரட்டக் கூடாது, சரி. ஆனா காரணத்தைச் சொல்ல வைக்கணும். ஆடிட்டில் நாங்கள் பார்க்கும் அதே விஷயம்தான். ஆடிட்டர் என்ன எழுதணும் என்று நிர்வாகம் சொல்லக் கூடாது. ஆனா ஆடிட்டர் ஒரு குறையைக் குறிப்பிட்டால் காரணத்தோடு எழுதணும், அந்த அறிக்கை பங்குதாரர்கள் கைக்கும் போகணும்.

சட்டம் இதற்கு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. கூட்டம் முடிந்த 14-ஆவது நாள் மினிட்ஸ் வெளியாகும். யார் எப்படி ஓட்டு போட்டார், ஏன் போட்டார் என்று ஒவ்வொருவரும் பெயரோடு எழுதியிருப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிதிக் கொள்கை அறிக்கை வரும்.

இதன் பயன் என்னன்னு 2022-லேயே பார்க்கலாம். அந்த பிப்ரவரியில் 2022-23-க்கான விலைவாசி உயர்வு 4.5 சதவீதமாக இருக்கும் என்று ஆர்பிஐ கணித்தது. உண்மையில் வந்தது சுமார் 6.7. நடுவில் உக்ரைன் போர் வந்தது, எண்ணெய் விலை ஏறியது, அது யாரும் எதிர்பார்க்காதது. ஆனா அதற்கு முன்பே, வளர்ச்சிக்கு ஆதரவாக வட்டியைத் தளர்வாக வைக்கும் நிலைப்பாட்டை எதிர்த்து ஒரே ஒருவர் தொடர்ந்து ஓட்டு போட்டு வந்தார். ஐஐஎம் அகமதாபாத் பேராசிரியர் ஜெயந்த் வர்மா. அவர் காரணங்கள் மினிட்ஸில் இன்றும் இருக்கின்றன. கொரோனாவில் படுத்த பொருளாதாரத்தை எழுப்பாமல் முன்கூட்டியே வட்டியை ஏத்தியிருந்தால் பாதிப்பு பெரிதாக இருந்திருக்கும் என்பது அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் தரப்பு வாதம். அதுவும் பதிவில் இருக்கிறது. ரெண்டையும் படித்து நாமே எடை போடலாம்.

வெளியே வராத கடிதம்

மூன்று காலாண்டுகள் தொடர்ந்து சராசரி விலைவாசி உயர்வு 6 சதவீதத்துக்கு மேல் போனால், இலக்கில் தோற்றதாகச் சட்டம் சொல்கிறது. அப்போ ஆர்பிஐ அரசுக்கு ஒரு அறிக்கை தரணும். ஏன் தோற்றோம், என்ன செய்யப் போகிறோம், எப்போ இலக்குக்குத் திரும்புவோம் என்று மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருக்கணும். 2022-ல் ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்று காலாண்டும் அப்படித்தான் போனது. நவம்பர் 3-ஆம் தேதி அதற்கென்றே குழு கூடியது. அறிக்கையும் அரசுக்குப் போனது.

நமக்கு வரவில்லை. இது சட்டப்படி அரசுக்கு எழுதுவது, தன்னால் வெளியிட முடியாது என்றார் கவர்னர். வெளியிடணும் என்று சட்டத்தில் இல்லை என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. ரெண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரி. ஆனா அந்த ஒன்பது மாதமும் விலைவாசியைச் சுமந்தது யார்? இஎம்ஐ ஏறியது யாருக்கு?

பிரிட்டனில் இலக்கு 2 சதவீதம். அதிலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் விலகினால், பேங்க் ஆஃப் இங்கிலாந்து கவர்னர் நிதியமைச்சருக்கு எழுதும் கடிதம் எல்லாரும் படிக்க வெளியாகிறது. 2007 மார்ச்சில் விலைவாசி உயர்வு 3.1 சதவீதம் ஆனபோது மெர்வின் கிங் எழுதியதுதான் முதல் கடிதம். அதனால் அந்த வங்கியின் சுதந்திரம் எதுவும் குறைந்துவிடவில்லை.

கடிதம் வெளியே வந்தால் சந்தை அலறும் என்று ஒரு வாதம் உண்டு. ஆர்பிஐ தன் விலைவாசிக் கணிப்பை ஒவ்வொரு கூட்டத்திலும் ஏற்கெனவே சொல்கிறது. தோல்விக்கான காரணத்தை மட்டும் மறைத்து என்ன லாபம்? சட்டத்தில் "இந்த அறிக்கை பொதுவில் வெளியிடப்படும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். யாரும் காரணம் கேட்க முடியாத சுதந்திரத்துக்கு, அரசு கை வைக்கும் நாளில் மக்கள் ஆதரவும் இருக்காது.

நீங்க செய்ய வேண்டியது

ஒன்று: 2025-ல் ரெப்போ ரேட் நான்கு முறை குறைந்து, டிசம்பரில் 5.25 சதவீதம் ஆனது. மொத்தம் 1.25 சதவீதம் குறைப்பு. உங்க கடன் ரெப்போவோடு இணைந்ததுன்னா அந்தக் குறைப்பு முழுசா வந்ததா என்று ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாருங்க. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு இந்த இணைப்பு விதி பொருந்தாது. அங்கே வாங்கியிருந்தால் கேட்டுத்தான் வாங்கணும்.

ரெண்டு: வட்டி மாறும்போது இஎம்ஐ-யை மாற்றுவதா, காலத்தை மாற்றுவதா என்று தேர்வு செய்யும் வாய்ப்பை உங்களுக்குத் தரணும். 2023 ஆகஸ்ட் ஆர்பிஐ சுற்றறிக்கை இதைச் சொல்கிறது. பேசாமல் இருந்தால் வங்கி காலத்தை நீட்டிவிட வாய்ப்பு அதிகம்.

மூன்று: எஃப்டி போடும்முன் வரி போக வரும் வட்டியிலிருந்து விலைவாசி உயர்வைக் கழியுங்க. மிச்சம் இருந்தால்தான் அது வருமானம்.

நான்கு: வழக்கமாக வருஷத்துக்கு ஆறு கூட்டம். ஒரே ஒரு மினிட்ஸையாவது ஆர்பிஐ தளத்தில் எடுத்து, மாற்றி ஓட்டு போட்டவர் எழுதியதை மட்டும் படிங்க. அரை மணி நேரம் போதும். அடுத்த முறை "வட்டியைக் குறைக்கணும்"னு யாராவது மேடையில் பேசினால், யாருடைய செலவில்னு கேட்க உங்களுக்கே தெரியும்.

இஎம்ஐ ரீசெட்டை எப்படிச் சரிபார்ப்பது என்பதை அடுத்த வீடியோவில் ஒரு லோன் ஸ்டேட்மென்ட்டை வைத்தே காட்டுறேன். அதுக்குள்ள உங்க ஸ்டேட்மென்ட்டை டவுன்லோடு பண்ணி வைங்க.